அவர் முகத்துக்கு ஒரு நிறம்

மாசி 4, திங்கள்

காலையில் பனி. நேரங்கழித்துத்தான் ஜன்னலில் வேலைக்கு ஆகிற வெளிச்சம். அண்ணன் போட்டோ ஸ்டுடியோவில் நான் கலர் போட வேண்டிய கறுப்பு வெள்ளைப் படங்கள்: கல்யாண ஜோடி (சேலை மாம்பழ நிறமாம்), கே. வாத்தியார், மீமிசல் பட்டாளக்காரன்.

மஞ்சள் காவி டியூப் தீரப்போகிறது. சண்டை முடிகிறவரை புதுசு வராது என்கிறார் அண்ணன். காவி இல்லாமல் நம்மூர் முகம் எதுவும் வராது. காவி, அதில் சிவப்பு, நிறம் கறுக்க ஊசிமுனை நீலம். கறுப்பு மட்டும் கூடாது. கறுப்பைத் தொட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும், செத்தவர் மாதிரி.

மத்தியானம் என் புகுந்த ஊர் கட்டுமாவடியிலிருந்து கருவாட்டுக்காரர் வந்தார். மாமியார் சொல்லிவிட்டாராம். “மகன் படத்தைப் பெருசாக்கி, கலரு போட்டு, மருமகளையே கொண்டாரச் சொல்லுச்சுங்க.”

எதுக்காம் என்று கேட்டேன்.

“செவுத்துல மாட்டத்தாங்க.”

அந்தச் சுவரில் மாமனார் படம் மாலையோடு தொங்குகிறது. பக்கத்தில் இவரையுமா? இவர் இருக்கிற பினாங்கை ஜப்பான்காரன் பிடித்ததிலிருந்து கடிதம் இல்லை, அவ்வளவுதானே. போன ஆடியில் கொழுந்தன், காரியம் செய்துவிடலாம் என்று பேச்செடுத்தார். மாமியார் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கு பஸ் ஏறிப் பிறந்த வீட்டுக்கு வந்தவள்தான் நான்.

புளி வாங்க வேண்டும்.

மாசி 6, புதன்

நல்ல வெயில். அவர் படத்தை அண்ணன் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார். கோட்டு, சிரிப்பை அடக்கின வாய். இன்னும் தொடவில்லை. நிறம் சரியாக வரட்டும் என்று சாஸரில் கலந்து கலந்து பார்க்கிறேன். நேற்று மஞ்சள் தூக்கல். இன்று சிவப்பு. காது மடல் ஞாபகம் இருக்கிறது, உள்ளங்கை ஞாபகம் இருக்கிறது, கன்னம் மட்டும் பிடிபடவில்லை. கப்பல் ஏறி மூன்று வருஷம். அதற்குள் ஒரு மனுஷர் நிறம் மறந்துபோகுமா? என் மேலேயே ஆத்திரம். அழுகையும்.

கலந்ததை வீணாக்குகிற காலமா இது. வாத்தியாருக்கும் மாப்பிள்ளைக்கும் பட்டாளக்காரனுக்கும் பூசித் தீர்த்தேன். பார்க்க வந்த வாத்தியாருக்கு, படத்தில் தான் சிவப்பாகிவிட்டதில் ஒரே சந்தோஷம்.

மதினி மூன்று படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு: “என்ன இது, எல்லாரும் ஒரு தாய் வயித்துப் புள்ளைகளா?”

மண்ணெண்ணெய் இன்றும் கிடைக்கவில்லை.

மாசி 9, சனி

பட்டாளக்காரனின் அம்மா, கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து இறங்கினார். முந்தானையெல்லாம் புகை. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“மூக்கு எம்மகன் மூக்குத்தாங்க. நெறம் யாரோடது?”

“கொஞ்சம் செவப்பா இருந்தா எடுப்பா இருக்கும்ல ஆத்தா,” என்றார் அண்ணன்.

“எடுப்பு எதுக்குங்க? எனக்கு அவன்ல வேணும். இந்தா, எங் கையப் பாத்துப் போடச் சொல்லுங்க. அவன் அச்சா என் நெறம்.” சொல்லிக்கொண்டே கையை என் முன்னால் நீட்டிவிட்டார்.

நல்லவேளை, இன்னும் காயவில்லை. டர்பன்டைன் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் வந்த நிறத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அவருக்காகக் கலந்தது. அவர் முகத்தில் வைக்கத் தைரியமில்லாமல் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பூசியிருக்கிறேன். அதுவும் சரியாக வராத நிறத்தை.

அந்த அம்மாளின் கையைப் பார்த்துச் சிவப்பும் நீலமும் கூட்டினேன். சட்டென்று வந்துவிட்டது. “இப்பத்தான் எம்புள்ள,” என்று படத்தின் மோவாயைத் தொட்டார்.

இவருக்கும் அம்மா நிறம்தான். கல்யாணத்தன்றே எல்லோரும் சொன்னார்கள்.

மாசி 10, ஞாயிறு

காவி டியூபைக் கத்தரியால் பிளந்தேன். சுரண்டியதில் ஒரு முகத்துக்குக் காணும்.

நாளை எடுத்துப் போக: படம், சாஸர், பஞ்சு, தீக்குச்சி, சிவப்பு, நீலம், டர்பன்டைன் சீசா. மாமியாருக்கு வெற்றிலை.

மதினி கேட்கிறார், “மாலை போடத்தான் கேட்டிருந்தா என்ன செய்வ?”

“படத்தத் தூக்கிட்டு வந்துருவேன்.”

சொல்லிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது.

மாசி 11, திங்கள்

கட்டுமாவடி. உப்புக் காற்று, கண் கூசுகிற வெளிச்சம். கொழுந்தன் கடைக்குப் போயிருந்தார். மாமியார் பாதியாக இளைத்துவிட்டார். “வா ஆத்தா,” என்றதோடு சரி.

மாமனார் படத்துக்குப் பக்கத்தில் புது ஆணி. சாஸரையும் டியூப்களையும் எடுத்து வைத்தேன்.

“கையக் காட்டுங்க அத்தை.”

ஏன் என்று கேட்காமல் நீட்டினார். வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து கலந்தேன். நான் நினைத்ததைவிடச் சிவப்பு கூடுதலாக வேண்டியிருந்தது. சாஸரை அந்தக் கைப்பக்கம் வைத்துப் பார்த்தேன், அதே நிறம். நெற்றி, கன்னம், கழுத்து. தீக்குச்சியில் பஞ்சு சுற்றிக் காது மடல். அவர்தான். அவரேதான். எனக்கு அவர் வேண்டும், படம் இல்லை.

மாமியார் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லாருக்கு. இன்னுங் கொஞ்சம் கறுப்பாக்கு.”

“ஒங்க கையப் பாத்துத்தானே போட்டேன், அத்தை?”

“அது இங்கிட்டு இருந்தப்ப. அந்தூரு வெயில்ல அலையிறவன், இந்நேரம் கறுத்துப் போயிருப்பான்ல.”

நீல டியூபைத் திறந்தேன்.