உன் அப்பா மெல்லாமல் விழுங்குகிறார்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை, இந்தத் தடவை அதில் பின்பாதி மட்டும்தான் உண்மை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த வரியிலிருந்து உன்னைத் திட்டப்போகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் குரல் கேட்டாலே உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால் பள்ளியில் ஆசிரியர் அறையில், விடைத்தாள் திருத்துகிற பாவனையில் இதை எழுதுகிறேன், படமெடுத்து உனக்கு அனுப்பிவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவேன்.

அப்பாவின் கால்விரல் புண் இன்னும் ஆறவில்லை. புதுச் செருப்பு கடித்தது என்று சொன்னேனே, அதேதான். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மாத்திரை இனிப் போதாது, இன்சுலின் ஊசி ஆரம்பித்தே ஆகவேண்டும், சர்க்கரை இறங்காமல் புண் ஆறாது, இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று பட்டென்று சொல்லிவிட்டார். நாள் முழுக்கத் தையல் மிஷினை மிதிக்கிற கால் அது. அவரோ கொஞ்சமும் அசரவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நீ அனுப்பிய குரல் செய்தியை டாக்டரம்மாவுக்கே போட்டுக் காட்டினார். “ஊசி ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்தவே முடியாதுப்பா, சாப்பாட்டுலயே கன்ட்ரோல் பண்ணிடலாம்” என்று நீ பெரிய மனுஷன் மாதிரி பேசுவதைக் கேட்டுவிட்டு டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னால் தலை நிமிர முடியவில்லை. எந்த வீடியோவில் பார்த்தாயோ, யார் சொன்னார்களோ. புண் ஆறிய பிறகு ஊசியைக் குறைக்கலாமா என்று பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவர் சொல்கிறார், அது உன் அப்பா காதில் விழவே இல்லை.

சாப்பாட்டில் கன்ட்ரோல் செய்கிற லட்சணத்தையும் கேள். காபியில் சர்க்கரையை விட்டுவிட்டார், அந்தத் தைரியத்தில் தட்டு நிறையச் சோறும் ரொட்டியும் போகிறது. கேட்டால், இதில் இனிப்பே இல்லையே என்கிறார். மாவுச்சத்து என்பதே குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கைகோத்து நிற்பதுதான், உள்ளே போனதும் கையை விட்டுவிட்டுத் தனித்தனிச் சர்க்கரையாகிவிடும் என்று வருஷா வருஷம் பதினோராம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான், வீட்டில் ஒருத்தர் மண்டையில் ஏற்ற முடியவில்லை. சரி, கண்ணால் பார்க்கட்டும் என்று பள்ளி லேபிலிருந்து கொஞ்சம் அயோடின் கொண்டுவந்தேன். ரொட்டித் துண்டில் ஒரு சொட்டு விட்டதும் கருநீலமானது, மாவுச்சத்து இருந்தால் அப்படித்தான் ஆகும். இன்னொரு துண்டை நன்றாக மென்று கிண்ணத்தில் துப்பச் சொன்னேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே துப்பினார். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சநேரம் வைத்துவிட்டுச் சொட்டு விட்டால் நீலம் வரவில்லை. உமிழ்நீரிலிருக்கும் நொதி வாயிலேயே அதைச் சர்க்கரையாக வெட்டத் தொடங்கிவிடுகிறது, பார்த்தீர்களா என்றேன். மனிதர் கிண்ணத்தைக் கையிலெடுத்து உற்று உற்றுப் பார்த்தார். அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் பார்த்தால் சோற்றை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறார்! மென்றால்தானே சர்க்கரையாகிறது, மெல்லாவிட்டால் ஆகாதே என்று கண்டுபிடித்திருக்கிறார். சிறுகுடலிலும் அதே வேலைதான் நடக்கிறது, அங்கே நீங்கள் பூட்டுப் போட முடியாது என்று தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன். கேட்டால்தானே. கடையில் மத்தியானம் ஒரு ரொட்டித் துண்டு தொண்டையில் அடைத்துக் கண் பிதுங்கிவிட்டது, கட்டிங் மாஸ்டர் ஓடிவந்து முதுகில் ஓங்கிக் குத்தித்தான் வெளியே வரவைத்தார். உன் அக்காவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து முடித்ததும் அழுதாள். நிறைமாதக்காரியிடம் போய்ச் சொன்னேன் பார், எனக்கும் புத்தி மழுங்கிவிட்டது.

ஊசிதான் பயம் என்றால் அதையாவது ஒத்துக்கொள்ளலாம். நாளெல்லாம் ஊசியும் கையுமாக இருக்கிறவர் ஆயிற்றே, கௌரவம் விடுமா. மருந்துதானே, மாத்திரையாகக் கொடுக்கச் சொல்லு என்று இப்போது புதுசாக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இன்சுலின் ஒரு புரதம், அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துத் தைத்த சட்டை மாதிரி, அதை விழுங்கினால் வயிறு தையலைப் பிரித்துத் துண்டு துண்டாக்கிவிடும், துண்டுத் துணியைப் போட்டுக்கொள்ள முடியுமா என்று அவர் தொழிலை வைத்தே சொல்லிப்பார்த்தேன். போட்டிருந்த சட்டையின் தையலைத் தடவிப் பார்த்தார், புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். “பிள்ளைங்களுக்குச் சொல்றத எல்லாம் என்கிட்ட வந்து சொல்லாத, அவன் அவ்வளவு தூரத்துல இருந்து விசாரிச்சுதான் சொல்லியிருப்பான்” என்று எழுந்து போய்விட்டார். நீ பத்தாம் வகுப்பில் அறிவியலில் எடுத்த மதிப்பெண் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தும் உன் பேச்சுத்தான் வேதவாக்கு. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் முட்டிபோட வைக்கவேண்டும். கட்டுப் பிரித்து அந்த விரலைக் கழுவும்போது மட்டும் கோபமெல்லாம் எங்கேயோ போய்விடுகிறது. நிறம் மாறிக்கொண்டே வருகிறது, வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார், வலிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அப்பா கஷ்டப்படக்கூடாது என்றுதான் சொன்னாய், அது எனக்குத் தெரியாதா. அழாதே, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே. உடம்பு, மனசு இரண்டும் நன்றாக இருந்து நூறு வருஷம் வாழ என் ஆசீர்வாதம், வெளியே போகும்போது குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. திங்கட்கிழமை டாக்டரம்மா வரச்சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அப்பா வீட்டில்தான் இருப்பார். கூப்பிட்டு, நான் சொன்னது தப்புப்பா, இங்கே நாலு பேரிடம் கேட்டேன், ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல். ஏன் என்று கேட்பார், புரதம், வயிறு, தையல் என்று மேலே எழுதியதை அப்படியே சொல். அம்மா எழுதினாள் என்று மூச்சு விடாதே, நீயே படித்துத் தெரிந்துகொண்டதாக இருக்கட்டும். நான் பக்கத்தில் நின்று, அப்படியா, எனக்கு இது தெரியாதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா