மடை திறக்காமல் வந்த தண்ணீர்

அன்பு மகன் இர்பானுக்கு, பூதலூரிலிருந்து உன் பெரியத்தா ஜெய்னுலாபுதீன் சலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் உங்கம்மா பாத்திமா, நான், மாடு இரண்டு எல்லாரும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. சம்பா பால் பிடித்து நிற்கிறது, நம்ம வயலைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள். தோஹாவில் குளிர் என்றாயே, காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. இந்தச் சங்கதியைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் போனில் பேசினால் உங்கம்மா பக்கத்தில் நின்றுகொண்டு அவ்வளவு இல்லை, அதில் பாதிதான் என்று குறைத்துக்கொண்டே வருவாள். காகிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கச்சி ஷிஃபா விஷயம். பொம்பளைப் பிள்ளைக்குச் சேத்துக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கிப் பறவை எண்ணுகிற வேலை எதுக்கு, நீங்க நேரே போய்க் கையோடு கூட்டிட்டு வந்துடுங்க என்று நீ சொன்னாய். உங்க அத்தா, என் தம்பி, மௌத்தானதிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் நான்தானே, சரி என்றேன். ஷிஃபாவும் நியாயமாகத்தான் பேசினாள், ஒரு ராத்திரி வந்து தங்கிப் பாருங்க பெரியத்தா, அப்புறமும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா வேலையை விட்டுட்டு வந்துடறேன், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லணும் என்றாள். வேலை இரண்டு வருஷத்துக்கு. அவள் பெட்டியைத் தூக்கிவர நல்ல கயிறு ஒன்றைக்கூட எடுத்துக்கொண்டுதான் முத்துப்பேட்டை பஸ் ஏறினேன்.

அங்கே படகுக்காரர் பக்கிரி, கறுத்து மெலிந்த ஆள், வாய் மட்டும் நீளம். அலையாத்திக் காட்டுக்குள் படகை விட்டார் பார், இர்பான், மரமெல்லாம் தண்ணீரில் நிற்கிறது, வேர் மேலே வந்து விரல் விரலாக மூச்சு விடுகிறது. மீன் ஒன்று மரம் ஏறியது. பொய் சொன்னால் என் கண் போகட்டும், சேற்றிலிருந்து எழுந்து வேரில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்து முழித்தது. அது ஒரு முழ நீளம் இருக்கும், ஷிஃபா விரல் நீளம் என்பாள், அவள் அளவெடுத்துப் படித்தவள், நான் கண்ணால் பார்த்தவன். அப்புறம் காடு முடிந்து காயல் திறந்தது. நம்ம ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு தென்னை, ஒரு கோயில் கோபுரம், ஒரு மினார் கண்ணை நிறுத்தும். அங்கே நிறுத்த ஒன்றுமில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை, பக்கிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார், இறங்கிவிட்டேனோ என்று.

கடல் பக்கமாக ஒரு மணல் திட்டு, அதன் மேல்தான் நாலு கூடாரம், ஷிஃபாவும் அவள் டீச்சர் ரோஸ்லினும் இன்னும் சில பிள்ளைகளும். மணல் எனக்கு உடம்புக்கு ஆகாது. கீழே நாற்றங்கால் போலச் சமமாக, காய்ந்து வெடித்த தரை ஒன்று பார்த்தேன், என் கூடாரத்தை அங்கே போடு என்றேன். வேணாம் பெரியத்தா, நாளைக்குப் பௌர்ணமி, தண்ணி ஏறும் என்றாள். நாற்பது வருஷம் மடைமுறை பார்த்தவனிடம் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறாள். வாய்க்காலில் காலை வைத்தே மேட்டூரில் எத்தனை கதவு திறந்திருக்கிறான் என்று சொல்கிறவன் நான். மேலே வாய்க்கால் கிடையாது, மடை கிடையாது, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். பக்கிரி சிரித்துவிட்டு, பாய், இங்கே மடைக்குச் சாவி யாருகிட்டயும் கிடையாது என்றார். படகுக்காரன் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

நன்றாகத் தூங்கினேன். விடியுமுன்னே சுபுஹுக்கு எழுந்து முசல்லாவை விரித்துத் தொழுதேன். கடைசி சஜ்தாவில் நெற்றி வைத்தபோது முசல்லா ஈரமாக இருந்தது. சலாம் கொடுத்துத் திரும்பிப் பார்க்கிறேன், என் முதுகுக்குப் பின்னால் வெடிப்பு வெடிப்பாகத் தண்ணீர் நிரம்பிக்கொண்டு வருகிறது, கடல் பக்கத்திலிருந்து, சத்தமே இல்லாமல். காவிரி தண்ணீர் வந்தால் நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு முன்னாலேயே ஆள் அனுப்பும். இது ஆள் அனுப்பவில்லை. யாரும் திறக்கவில்லை, யாரும் முறை கேட்கவில்லை, அது பாட்டுக்கு வருகிறது. என் வயசுக்குத் தண்ணீர் இந்தப் பக்கமிருந்து வந்து நான் பார்த்ததில்லை. பயத்தில் கால் தானாக மேற்கே நடந்தது. நம்ம நாட்டில் மேற்கே போனால் மேடுதானே, தண்ணீரே அங்கிருந்துதானே வருகிறது. அங்கே மேற்கே சேறு. நடவுச் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கும், இந்தச் சேற்றுக்கு அடியே இல்லை. முழங்கால் போய், தொடை போய், இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டேன். தொடை வரைக்கும்தான் என்று ஷிஃபா சொல்வாள், இறங்கியது அவளா நானா.

அவள் திட்டிலிருந்து கத்தினாள், கடல் பக்கம் திரும்புங்க, அங்கதான் மேடு என்று. எனக்கா திசை தெரியாது என்று சேற்றில் நின்றுகொண்டே சண்டை போட்டேன். அவள் ஒரு பலகையைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்து வந்தாள், பெரியத்தா வாயை மூடிட்டுப் படுங்க, நின்னா இழுக்கும், படுத்தா விடும் என்றாள். படுத்தேன். என்னைக் கீழே படு என்று சொன்ன பெண்பிள்ளை எங்கம்மாவுக்குப் பிறகு இவள்தான். ஒவ்வொரு காலாக எப்படி உருவுவது என்று சொல்லிக்கொடுத்து, தோளைப் பிடித்துப் பலகையில் இழுத்துத் திட்டில் சேர்த்தாள். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை.

டீயைக் கொடுத்துவிட்டு, சேற்று உடம்போடு அவள் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், பேசாதீங்க, இப்போ இறங்கும் என்றாள். வெயில் ஏறிய தண்ணீரில் பூநாரைகள் இறங்கின. முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு வானத்தின் ஓரமே கழன்று இறங்குவது போல. சிறகைத் திறந்தால் உள்ளே அடுப்புத் தணல் நிறம். ஒரு லட்சம் இருக்கும். ஷிஃபா நோட்டில் இரண்டாயிரத்து நானூறு என்று எழுதினாள், நான் மறுத்துப் பேசவில்லை, அதிலிருந்தே நீ புரிந்துகொள். படைத்தவன் இதை யாருக்கும் காட்டாமல் எத்தனை காலமாகச் செய்துகொண்டிருக்கிறான், அதற்குக் கணக்கு வைக்க நம்ம வீட்டுப் பிள்ளையைப் போட்டிருக்கிறான்.

அதனால் நான் அவளை அழைத்து வரவில்லை. சம்மதம் என்று ரோஸ்லின் டீச்சரிடம் நானே என் வாயால் சொல்லிவிட்டேன். உங்கம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் எள்ளுருண்டை பிடித்து ஷிஃபாவுக்கு அனுப்பினாள். கோபம் இருந்தால் என் மேல் காட்டு, தங்கச்சியைப் போனில் அழைத்து அழ வைக்காதே. அந்தக் காட்டில் பயப்பட வேண்டியது அவள் இல்லை, என்னைப் போல ஆட்கள்தான்.

வேளைக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவைத் தவற விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் குளிர்ந்த மனசும் கொடுப்பான். ஒன்று மறக்காதே, ஷிஃபா கழுத்தில் மாட்டியிருக்கும் பைனாகுலர் காலேஜுடையது, மாசக் கடைசியில் திருப்பிக் கொடுக்கணும். இந்தக் கடிதம் கொண்டுவரும் சுஹைப் பத்து நாளில் ஊர் திரும்புகிறான், அவன் கையில் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடு. தனியாகப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பெரியத்தா
மு. ஜெய்னுலாபுதீன்
பூதலூர்