ஏழாம் பாகத்தில் நடந்தவன்

உ

சண்டிலிப்பாய்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் வாகீசனுக்கு,

அப்பா எழுதுவது. கல்வளைப் பிள்ளையார் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம், அம்மாவின் பிரசர் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, உன் சுகம் அம்மாவின் போன் வழியாகத்தான் எனக்கு வந்து சேர்கிறது, அதுவும் பாதி. என் கையெழுத்தைக் கண்டு பயப்படாதே, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நேற்றுத் தபால்கந்தோரில் முத்திரை கேட்டபோது அங்கிருந்த பிள்ளை, ஐயா வட்ஸ்அப் இல்லையோ என்று கேட்டது. இருக்குப் பிள்ளை, ஆனா இது அதிலை கதைக்கிற கதையில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். புகையிலை வெட்டு முடிந்துவிட்டது, இந்த முறை இலை பரவாயில்லை, வெங்காயத்துக்குத்தான் கடைசி மழை பிழையாய்ப் போனது. சிவப்பி கன்று போட்டிருக்கிறாள், நாகு, இனிக் கொட்டிலில் இரண்டு பசு. உன் தங்கச்சி வினோஜா கம்பியூட்டரும் கையுமாக இருக்கிறாள், கேட்டால் படிப்பு என்கிறாள்.

நாங்கள் இரண்டு பேரும் கதைத்து இருபது மாதம் ஆகிறது. நீ கனடாவில் பாங்க் வேலையை விட்டுவிட்டுப் படங்களில் பிணமாக நடக்கப் போகிறேன் என்றாய், நான் இனி எனக்கு உன்ரை முகத்தைக் காட்டாதை என்றேன். கோபத்தில் ஆயிரம் சொல்லுகிறவன் நான், அது உனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நீ அப்படியே சொல் கேட்டுவிட்டாய். அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது நான் அந்தப் பக்கம் வந்தால் போதும், உன் போனில் உடனே சுவர் தெரிகிறது. வெள்ளைச் சுவர், அதில் ஒரு ஆணி. இருபது மாதமாக அந்த ஆணியைத்தான் பார்க்கிறேன்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். உன்னோடு அறையில் இருக்கிற குருநகர்ப் பொடியன் றொகான் தைப்பொங்கலுக்குப் பிறகு வினோஜாவுக்கு ஒரு செய்தி போட்டான், ஏழாம் பாகத்திலை வாகீசன் வாறான், ரவுன் தியேட்டருக்குப் படம் வந்தால் பாருங்கோ என்று. நீ ஒருவருக்கும் சொல்லவில்லை. என்ன ஏழாம் பாகம் என்று கேட்டேன். செத்தவர்கள் எழும்பி நடந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கிற படமாம், வினோஜா அதுகளை ஸோம்பி என்கிறாள், ஆறு பாகம் வந்து, நிறுத்தி, பன்னிரண்டு வருசம் கழித்து ஏழாவது எடுத்திருக்கிறார்களாம். என்ன கோதாரியோ என்று நான் சொன்னேன். ஆனால் அம்மா அடுத்த நாளே கோயில் சேலையை உடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள், மூன்று பேரும் பஸ் ஏறி மத்தியானப் படத்துக்குப் போனோம்.

தம்பி, உண்மையாகச் சொல்லு, அந்தப் படம் உனக்கு விளங்கினதா? கதாநாயகன் நாலாம் பாகத்தில் செத்தவனாம், இதில் நரைத்த தலையோடு வந்து தேத்தண்ணி குடிக்கிறான், நீ எப்படி வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் செத்தவன் என்றால் அவனும் பிணம்தானே, பிறகேன் அவன் மற்றப் பிணங்களைச் சுடுகிறான்? பிணங்களெல்லாம் ஓட்டப்போட்டி மாதிரி ஓடுகின்றன, மதில் ஏறுகின்றன, ஒன்று வாய் திறந்து இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டது. வினோஜாவைக் கேட்டால், அப்பா சும்மா பாருங்கோ, எனக்கும் விளங்கேல்லை என்கிறாள். எங்களுக்குப் பின்னாலிருந்த பொடியள் இடைவேளையோடு எழும்பிப் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை, உன்னைத் தேடிக்கொண்டிருந்தோம். எல்லாம் வெள்ளைப் பவுடரும் பிய்ந்த கன்னமுமாக இருக்கிறது, எதில் எங்கள் பிள்ளையைத் தேடுவது? கடைசியில் நீலச் சேட்டுப் போட்ட நெடிய ஒன்று கோடரி அடிபட்டு விழுந்து கண் மூடிக் கிடந்தது, அதன் முகத்தைக் கிட்டக் காட்டினார்கள். அம்மா எழும்பி நின்று, ஐயோ என்ரை பிள்ளை என்றாள், தியேட்டர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தக் காது உன் காதேதானாம், பெத்தவளுக்குத் தெரியாதோ என்கிறாள். பெத்தவள் சொன்னால் மறுபேச்சு இல்லை, வினோஜாவும் போனில் அந்த முகத்தைப் படம் எடுத்தாள். திரும்பும் வழியில் உன் பெயரில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்தோம்.

அதோடு நின்றிருக்கலாம். அம்மா சும்மா இருப்பாளா, அந்தப் படத்தைக் கோயிலடி முழுக்கக் காட்டினாள், அது சனசமூக நிலையப் பொடியளிடம் போய்ச் சேர்ந்தது. அவர்கள் எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் பெரிய பனர் அடித்துச் சந்தியில் கட்டினார்கள். உலகத் திரையில் எங்கள் ஊர்ப் பிள்ளை, செல்வன் குகதாசன் வாகீசன், வாழ்த்துகிறோம் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் முகம் அந்தக் கண் மூடின வெளிறின முகம், வாழ்த்து என்ற சொல்லை மறைத்துக்கொண்டு கறண்ட் போஸ்ட் நிற்கிறது, கட்டின மரச்சட்டமோ அதற்கு முந்தின கிழமை செத்துப்போன பரியாரியாருக்குக் கண்ணீர் அஞ்சலி கட்டின அதே கறுப்புச் சட்டம். பஸ்ஸில் போகிறவன் என்ன நினைப்பான், நீயே சொல்.

சுன்னாகத்துக் கந்தப்புப் பெரியப்பா பஸ்ஸில்தான் போனார். அடுத்த சந்தியில் இறங்கி வீட்டுக்குத் திரும்பி ஓடி, பெரியம்மாவையும் அவவின் தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் வந்துவிட்டார். நான் மாட்டுக்கொட்டிலில் கன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசல் படலையடியில் இருந்து அழுகைச் சத்தம். பெரியம்மா அடித் தொண்டையால், என்ரை ராசா வாகீசா, அந்தப் பனியிலை தனியக் கிடந்து போனியோ, உன்ரை கலியாணத்துக்கு வர இருந்தனே என்று குழறுகிறா. உன் பெயர் சொல்லித்தான் குழறுகிறா. அம்மா கிணற்றடியில் வாளியைப் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிட்டாள். நீ அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கும் எடுக்கவில்லை. கனடாவில் இருந்து செய்தி சுன்னாகத்துக்குப் போய், அவர்கள் எங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். படம் நினைவுக்கு வரவில்லை, பனர் கட்டியிருப்பது எனக்குத் தெரியவே தெரியாது.

அது ஒரு ஐந்து நிமிசம் இருக்கும் தம்பி. அந்த ஐந்து நிமிசமும் நான் கன்றின் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் உனக்குக் கடைசியாகச் சொன்னது முகத்தைக் காட்டாதை என்றது மட்டும் தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு அம்மாவின் போனை எடுத்து உன் இலக்கத்தை அமத்தினேன், உங்களுக்கு அங்கு சாமம் என்பதெல்லாம் நினைவில் இல்லை. நீ நித்திரைக் குரலில் ஹலோ அம்மா என்றாய். நான் வைத்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு ஒரு கோல் வந்து கதைக்காமல் வெட்டுப்பட்டதே, அம்மா ஏதோ கை பட்டுப் போச்சு என்று பிறகு சொல்லியிருப்பாள், அது நான்தான்.

அதற்குப் பிறகுதான் பெரியப்பா சந்தியில் பனர் கண்ட கதையைச் சொன்னார். நான் கத்தியோடு சைக்கிளில் போய் அதை வெட்டி இறக்கினேன், பொடியளுக்கு வாயில் வந்ததெல்லாம் சொன்னேன், பாவங்கள், சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை, எல்லோருக்கும் சோறு போடுகிறேன் என்று உலை வைத்துவிட்டாள். பெரியப்பா சாப்பிட இருக்கவில்லை. செத்த வீட்டுக்கெண்டு வெளிக்கிட்டு வந்தனான், முழுகாமல் கை நனைக்கமாட்டன் என்கிறார். அண்ணை, ஒருத்தரும் சாகேல்லையே என்றேன். அது எனக்குத் தெரியும், ஆனா நான் அழுதிட்டன் எல்லோ என்றார். முழுகித்தான் சாப்பிட்டார், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். செத்த வீடா நல்ல வீடா என்று எனக்கே விளங்காத ஒரு பகல் அது.

பின்னேரம் வினோஜா றொகானுக்குச் சொல்லிச் சிரிக்க, அவன் பதறிப்போய், ஐயோ அந்த நீலச் சேட்டு வாகீசன் இல்லை, அது பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன், வாகீசன் ஆஸ்பத்திரி விறாந்தையிலை வாறவன், மண்ணிறச் சேட்டு, பாதித் தாடை இல்லை என்று எழுதினான். அம்மா இன்னும் நம்பவில்லை, காது காது என்கிறாள். யார் பெத்த பிள்ளையோ, அவனுக்கும் ஒரு தேங்காய் உடைத்தாயிற்று, நல்லாயிருக்கட்டும்.

சும்மா போய்ப் பார்த்தால் திரும்பவும் விளங்காது என்று, வினோஜாவின் கம்பியூட்டரில் முதல் ஆறு பாகத்தையும் ஒரு கிழமையாக இருந்து பார்த்தேன். நீ ஓ.எல். படிக்கும்போது இதுகளின் சீடியைத்தான் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் பார்த்தாய் என்று இப்போதுதான் தெரிகிறது. முதலாவது நல்ல படம். அதில் பிணங்கள் மெல்ல நடக்கின்றன, கதவு திறக்கத் தெரியாது, ஆனால் உயிரோடு இருந்தபோது போய்ப் பழகின இடங்களுக்கே திரும்பத் திரும்பப் போகின்றன. கடைக்காரன் கடைக்கு, வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு. பயமாகவும் இருந்தது பாவமாகவும் இருந்தது. மூன்றாவதில் இருந்து துவக்குச் சூடுதான் கதை. ஏழாவதை எடுத்தவர்கள் முதலாவதைப் பார்த்தார்களோ என்றே எனக்குச் சந்தேகம். பிணம் ஓடினால் பிறகு அதற்கும் மனிசனுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தச் செவ்வாய்க்கிழமை தனியப் போனேன். தியேட்டரில் என்னோடு ஏழு பேர். ஆஸ்பத்திரி விறாந்தை வந்தது. ஒரு இருபது பிணம் கத்திக்கொண்டு ஓடி வந்து போனது. பின்னால் ஒன்று மட்டும் ஓடாமல் வந்தது. மண்ணிறச் சேட்டு. முகம் எனக்குத் தெரியவில்லை, தாடை இல்லை, கண் வெள்ளை. ஆனால் ஒரு காலை இழுத்து, தோளை ஒரு பக்கம் பதித்து, நாலு எட்டு வைத்து நின்று, தொடையில் கையை ஊன்றி மூச்சு வாங்கிவிட்டு, திரும்ப நாலு எட்டு. சந்தையடியில் லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பிரண்டு என் காலில் விழுந்ததில் இருந்து இந்த ஊரில் அப்படி நடக்கிறவன் நான் ஒருவன்தான். நான் முன்சீற்றைப் பிடித்துக்கொண்டேன். அது விறாந்தைக் கடைசியில் ஒரு கதவடிக்குப் போய், தட்டுவதற்குக் கையைத் தூக்கியது, அதோடு படம் வேறு எங்கோ போய்விட்டது. பிறகு வரவேயில்லை. கதவு திறந்ததோ இல்லையோ, உள்ளே யார் இருந்தார்கள், ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இப்படியும் ஒரு விசர்ப் படம் எடுப்பார்களா? முடியுமட்டும் இருந்து பார்த்தேன்.

நான் பஸ்ஸில் வரும்போது நினைத்தது ஒன்றுதான். நீ ஆறாம் வகுப்பில் ஒரு பொடியனின் பல்லை உடைத்தாய், நான் உனக்கு வேலிக்கம்பால் அடித்தேன், ஏன் சண்டை பிடித்தாய் என்று நீ வாயே திறக்கவில்லை. அவன் என் நடையை நடந்து காட்டினான் என்று வாத்தியார்தான் பிறகு சொன்னார். அப்படிப்பட்ட நீ இப்போது உலகம் பார்க்க அந்த நடையை நடக்கிறாய், அதுவும் ஒரு பிணத்துக்கு. என்னைப் பகிடி பண்ணுகிறாயா? நான் உனக்குச் செத்த மாதிரி என்கிறாயா? இரண்டு நாள் இதை வைத்துக் குழம்பினேன். நேற்று வினோஜாவிடம் கேட்டேவிட்டேன். அவள் கொப்பியில் இருந்து தலை தூக்காமல், அப்பா, மற்றதெல்லாம் சும்மா ஓடுதுகள், அது ஒண்டுதான் வீட்டை போறதெண்டு நடக்குது என்றாள். அது சரியா தம்பி? எனக்கு இன்னும் முழுக்க விளங்கவில்லை, நீதான் சொல்லவேண்டும்.

நான் சொல்லவேண்டியது இதுதான். முகத்தைக் காட்டாதை என்றது பிழை. அந்த ஐந்து நிமிசத்தில் அது எனக்கு விளங்கிவிட்டது, மற்ற ஒன்றும் விளங்காவிட்டாலும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு எடுக்கும்போது நான் பக்கத்தில்தான் இருப்பேன், போனை நேராகப் பிடி. பவுடர் இல்லாமல். அந்த ஆணியை நான் போதுமட்டும் பார்த்துவிட்டேன், அதில் ஒரு கலண்டராவது கொழுவு.

குளிருக்குக் காது மூடிப் போ, அம்மா சொல்லச் சொன்னாள். இரவில் பாண் தின்று படுக்காதே, சோறு காய்ச்சு, றொகானுக்கும் போடு. பிள்ளையார் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், உன் வேலை எதுவோ அதில் நீ நல்லாய் வா. எட்டாம் பாகமும் எடுக்கப் போகிறார்களாம் என்று வினோஜா சொன்னாள். உன்னைக் கூப்பிட்டால் போ, ஆனால் ஓடச் சொன்னால் ஓடாதே.

ஒரு பிழை மட்டும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் கடிதத்தை ஒட்ட மனம் வரவில்லை. எனக்கு இழுபடுவது வலது கால். நீ இடதை இழுக்கிறாய். நீ போய் ஏழு வருசம், கால் மாறிப்போனது. எட்டாம் பாகத்துக்கு முன்னம் ஒருக்கால் வந்து, நான் படலையில் இருந்து கிணற்றடிக்குப் போவதைப் பார்த்துவிட்டுப் போ.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா
சி. குகதாசன்