செல்வி அனுப்பிய பூனை

ஜூலை 9, புதன்

மழை விடவில்லை. படுத்தும் தூக்கம் வரவில்லை.

போன மாதம் செல்வியின் இரத்தப் பரிசோதனையில் டொக்ஸோ கிருமி என்று வந்தது. ஐந்து மாதக் கர்ப்பிணி. பூனையின் கழிவிலிருந்து தொற்றும், வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் என்று என்னிடம் சொன்னார் டொக்டர். மருத்துவிச்சியான நான் செல்வி இருக்கும் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போய், "பூனைய வீட்ட விட்டு அனுப்பிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று போனால், அந்தப் பூனை பக்கத்துக் காம்பராவில், கோமதியின் அடுப்படியில் சுருண்டு கிடக்கிறது.

"செல்விதான் குடுத்தா மிஸ். எலித் தொல்ல தாங்கல" என்றாள் கோமதி. பூனை அசிங்கம் பண்ணும் அதே அடுப்புச் சாம்பலை வெறுங்கையால் அள்ளிச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"நாள் தள்ளியிருக்கா?"

"ரெண்டு மாசம் மிஸ். மூணு முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னாங்க மாமி."

சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். நாளைக்கே இரத்தம் கொடுக்க வரச் சொன்னேன். சாம்பலைப் பற்றிச் செல்வியிடமும் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அனுப்பிரு என்றேன். யார் வீட்டுக்கு என்று கேட்கவே இல்லை.