களை மெஷினும் நான் இல்லாத ஒரு நாளும்

அன்புக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், ஆடுகள், கோழிகள் எல்லோரும் சௌக்கியம், களை மெஷின் ஒன்றைத் தவிர. நேற்றிலிருந்து அதுவும் சௌக்கியம்தான், அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிறவரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் கையால் இரண்டு வரி வந்தால் எனக்குத் தூக்கம் வரும். பிரசவத்துக்கு வரச் சொல்லி நீ கேட்டு எவ்வளவு நாளாகிறது, நானும் பார்க்கலாம் பார்க்கலாம் என்று இழுத்துக்கொண்டே இருக்கிறேன். போன வாரம் ஃபோனில், "பரவாயில்லம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றாயே, அந்தக் குரல் என் காதை விட்டுப் போகவே இல்லை.

நான் கிளம்பினால் தோட்டத்தை யார் பார்ப்பது, அதுதானே பிரச்சினை. அப்பாவுக்குச் சமையல் வரும், கோழிக்கூட்டைத் திறந்து அடைக்க வரும், பால் கறக்கக்கூட வரும், ஆடு கொஞ்சம் முகம் சுளிக்கும், அவ்வளவுதான். ஆனால் மெஷின்? வாங்கிய அன்றே அது அவரை வாய்க்கால் வரை இழுத்துக்கொண்டு போய் விட்டது, அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போதாக்குறைக்குக் கொஞ்ச நாளாக அது சண்டித்தனம் வேறு. கிளம்பும், இரண்டு வரிசை போவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும், சற்று நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். பிளக்கைத் துடைத்தேன், ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தேன், ஆயிலைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சூடாகிறது போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டி, நிற்கும்போதெல்லாம் மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், மசக்கைக்காரியைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டிருந்தேன். பீன்ஸ் பாத்தியில் களை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது, மழையும் பிடித்துவிட்டால் பீன்ஸைத் தேடித்தான் பறிக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவேன் என்று அப்பாவிடம் புலம்பினால், "நாளைக்கு ஒரு நாள் நீ ஊர்ல இல்லேன்னு வச்சுக்குவோம், நான் சமாளிக்கிறேனா இல்லையான்னு பாரு" என்றார்.

அவர் ஒன்றைச் சொன்னால் அதிலேயே நிற்பார் என்று உனக்குத் தெரியுமே. காலையில் டீ போட்டு ஒரே ஒரு டம்ளரோடு வெளியே வந்தார். எனக்கு எங்கே என்றால், "ஊர்ல இல்லாதவளுக்கு எதுக்கு டீ? இல்லாதவ பேசவும் கூடாது" என்கிறார். வாயை மூடிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். கயிற்றை அவிழ்த்துக்கொண்ட ஆடு கொடியில் கிடந்த என் துண்டை நிதானமாகத் தின்றது, அதற்கும் பேசவில்லை. பிறகு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்ரோல் குழாயைத் திறந்தார், சோக்கை இழுத்தார், எல்லாம் வரிசைப்படி. இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுப்பதற்கு முன்னால் டேங்கை இரண்டு தட்டுத் தட்டி, "கிளம்புடி என் ராசாத்தி" என்றார், அச்சு அசல் என் குரலில். அது என் கைப்பழக்கம் குட்டி, அதற்கும் இன்ஜினுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தட்டுவதும் வேலையில் சேர்த்திதான் என்று நினைத்திருக்கிறார், பாவம். இத்தனை வருஷமாகச் சமையலறை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் மனுஷர்.

வழக்கமான இடத்தில் மெஷின் நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதாக நினைத்து ஊற்றினார், டேங்க் மூடியைத் தரையிலேயே விட்டுவிட்டுக் கிளப்பினார். அது போகிறது, போகிறது, நிற்கவே இல்லை. பெட்ரோல் தளும்புவதைப் பார்த்து, மூடி மூடி என்று நான் கத்தியே விட்டேன். மெஷினை நிறுத்தி, பேசியதற்கு ஒரு முறை முறைத்துவிட்டு மூடியைப் போட்டார், கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. அப்போதுதான் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு, அதன் வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அந்தத் துளையில் சேறும் எண்ணெயும் கெட்டிப்பட்டுக் கிடந்திருக்கிறது. என் தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்துக் குத்தி, ஊதி, மாட்டினார். இருட்டுவதற்குள் பாத்தி முழுக்க முடித்துவிட்டார். களையோடு பீன்ஸும் கொஞ்சம் போயிற்று, அதைப் பெரிதாகச் சொல்லக் கூடாது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஆட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இனி உன்னிடம் என்ன சொல்லித் தட்டிக்கழிப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்பாவால் முடியாது என்பதெல்லாம் வெறும் சாக்கு என்று எனக்கே அப்போதுதான் விளங்கியது. நீ வலியில் துடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்குப் பயம் குட்டி. மெஷின் என்றால் கழற்றிப் பார்ப்பேன், உன்னை என்ன செய்வேன்? பயம் இன்னும் போகவில்லை. அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறேன். உன் கையைப் பிடித்துக்கொள்ள எனக்குத் தெரியும், அது போதும் அல்லவா?

தண்ணீர் வாளி தூக்காதே, ஒருக்களித்துப் படு, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு. ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பெற்றெடுத்து, மூன்று பேரும் நிறைவாக வாழ வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் டிக்கெட் எடுத்துவிடு, எனக்கு மட்டும். "திரும்பி வர்றதுக்கும் இப்பவே சேர்த்து எடுக்கச் சொல்லு" என்றார் அப்பா. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
உன்னிடம் வரப்போகும்
அம்மா