சுளகில் புடைத்த மண்

உங்களுக்கு,

முதலில் பிள்ளைகளின் சேதி. பேத்தி காமாட்சி பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிக் கட்டுகஸ்தோட்டையில் டீச்சர் ஆகிவிட்டாள். நம் குடும்பத்தில் கதிரையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் பொம்பளை அவள்தான். பேரன் வேலு பிலிமத்தலாவையில் சொந்தமாகத் தையல் கடை போட்டிருக்கிறான். அவன் வெட்டுகிற கோட்டுக்காகக் கண்டியிலிருந்து கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஐயாமார் பஸ் ஏறி வருகிறார்கள். கடைக்குட்டி ராசு இங்கிலீஷ் படித்து, ஒரு இஞ்சினியர் துரையிடம் வேலை பழகுகிறான். தொப்பி போட்டுக்கொண்டு போகிறான். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு வைத்திருப்பேனா? சந்தையில் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன்.

இனி நல்ல சேதி இல்லை.

போன வாரம் ராசு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். மூடியைத் திறந்ததும் மழை விட்ட மேட்டு வாசனை வீடு முழுக்க எழுந்தது. உள்ளே சிவப்பு மண். மலைச் சரிவில் ஒரு பெரிய கட்டடம் கட்டப்போகிறார்களாம், அங்கே குழி தோண்டி எடுத்த மண்ணாம். மேலே ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன்.

"அப்பாயி, அதுல கை வைக்காதீங்க."

"ஒரு வேருதானேடா. எடுத்துப் போட்டா சுத்தமா இருக்கும்."

"சுத்தம் பண்ணுனா கெட்டுச்சு. கெடந்த எடத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே துரைகிட்டப் போகணும். கல்லு இருந்தா கல்லோட. போத்தல்ல தண்ணி ஊத்திக் குலுக்குவாங்க, கல்லும் மணலும் அடியில நிக்கும், களிமண்ணு மேல மெதக்கும். எது எவ்வளவுன்னு பாத்துத்தான் இந்த மண்ணு பாரம் தாங்குமா தாங்காதான்னு எழுதுவாங்க. கல்லப் பொறுக்கிட்டீங்கன்னா நல்ல மண்ணுகூட வெறுங்களின்னு ஆயிரும். இது என்ன உங்க குத்தரிசியா?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் கையை எடுத்துக்கொண்டேன். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உங்கள் வேலையைப் பறித்தது இந்தக் கைதான் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பதினாறு வருஷம் கழித்து. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு.

அப்போது நீங்கள் ரோட்டு வேலையில் மண் கங்காணி. ஒரு பள்ளத்தை நிரப்பி அதன்மேல் ரோட்டை ஏற்ற வேண்டும். எந்த மேட்டு மண் நிற்கும், எது மழைக்கு ஓடும் என்று பார்த்துச் சொல்வது உங்கள் பொறுப்பு. நான் மத்தியானச் சோறு கொண்டுவரும்போது நீங்கள் ஈர மண்ணை உள்ளங்கையில் கயிறு மாதிரி உருட்டி, அது எங்கே அறுகிறதென்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உருண்டை பிடித்து இடுப்பளவிலிருந்து கீழே போட்டு, எப்படி உடைகிறதென்று பார்ப்பீர்கள். ஒரு சாண் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, ஆட்கள் திமிசுக் கட்டையால் இடித்து முடித்ததும், அதன்மேல் ஏறிக் குதிகாலால் ஒரு குத்துக் குத்துவீர்கள். தடம் விழுந்தால் மறுபடியும் இடிக்க வேண்டும்.

"கங்காணியம்மா சோத்தோட வந்துட்டாங்க. இனி கங்காணி சோத்தையும் உருட்டிப் பாத்துத்தான் திம்பாரு" என்று மண் சுமக்கிற பெண்கள் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வராது. அந்தக் கூட்டத்தில் துரை பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

"மண்ணுக்கு எலும்பு வேணும் புள்ள. வெறும் சதை மழைக்கு நிக்காது" என்று சொல்வீர்கள். கேட்டுக்கொள்வேன். எலும்பு என்றால் அந்தக் கல்லைத்தான் சொல்கிறீர்கள் என்று எனக்கு யார் சொன்னது? நீங்கள் சொன்னீர்களா?

கடைசியில் ஒரு மலையைக் கண்டுபிடித்தீர்கள். அந்த மண்ணைப்போல் இந்தப் பக்கத்தில் வேறு கிடையாது என்று துரையிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னீர்கள். அப்படியானால் ஒரு மூட்டை அனுப்பு, பார்க்கலாம் என்றார் துரை. நீங்களே வெட்டி, கட்டி, வீட்டில் கொண்டுவந்து வைத்தீர்கள். "காலையில வண்டிக்காரன் வருவான், குடுத்துரு" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனீர்கள்.

நான் அவிழ்த்துப் பார்த்தேன். கல்லும் வேரும் காய்ந்த இலையும். துரை கையால் தொடப்போகிற சாமான் இப்படியா நம் வீட்டிலிருந்து போவது? பெண்டாட்டி ஒரு சோம்பேறி என்றல்லவா நினைப்பார்? சுளகில் போட்டுப் புடைத்தேன். கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாசலோரச் செடி மறைவில் குவித்தேன். மாச் சல்லடையில் சலித்தேன். அந்தி சாயும்வரை அதே வேலை. பழைய மாதிரியே வாயைக் கட்டி மூலையில் வைத்தேன். இருட்டில் வந்த நீங்கள் பார்க்கவில்லை.

காலையில் வண்டிக்காரன் மூட்டையைத் தூக்கிவிட்டு, "மண்ணுன்னாங்க, மாவு மாதிரியில்ல இருக்கு" என்றான். எனக்கு அது பாராட்டாகத் தெரிந்தது. உங்களிடம் சொல்லவில்லை. துரை மெச்சிக்கொண்டால், "அது என் கைவேலை" என்று அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன்.

பத்து நாளில் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தீர்கள்.

"வேலை போச்சு புள்ள."

"ஏன்?"

"மண்ணு சரியில்லையாம்."

செருப்பைக் கழற்றக் குனிந்தவர் வாசலோரத்தைப் பார்த்தீர்கள். "என்ன கல்லு இது?"

"மூட்டையில இருந்ததுதாங்க. பொறுக்கிட்டுச் சுத்தமாத்தான் அனுப்புனேன். என்மேல ஒரு குத்தம் சொல்ல ஏலாது."

நீங்கள் அந்தக் குவியலின் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஒரு கல்லை எடுத்து விரலால் தேய்த்தீர்கள். அதைத் தூரத்தில் எறிந்துவிட்டு எழுந்து, "சோத்தப் போடு" என்றீர்கள். அவ்வளவுதான். நானும் போட்டேன்.

உங்களோடு வேலை செய்த நம் மகனையும் நிறுத்தினார்கள். நீங்கள் மலைக்குச் சொந்தக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு, ஆகாத மண்ணை நல்ல மண் என்று சொன்னதாக அவன்தான் கந்தோரில் கேட்டுவந்து சொன்னான். நம்பித்தான் சொன்னான். நீங்கள் மறுக்கவில்லை. புசல்லாவைப் பக்கம் தோட்டத்துக்குப் போனோம். துரை பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள், தேயிலை மலையில் மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டினீர்கள். "மண்ணு கங்காணி, இந்தக் கான் மண்ணு எப்படி, துரைக்கு அனுப்பலாமா?" என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த இளவட்டங்கள் கேட்கும். வெட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஒரு மழை நாள். கூரை ஒழுகி அடுப்பு அணைந்துவிட்டது. எனக்கு எரிச்சல். "மலைக்காரன்கிட்ட வாங்குனத என்ன பண்ணுனீங்க? எவளுக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கக் கேட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஈர விறகைத் தள்ளிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தீர்கள். "மழை விடட்டும், காஞ்ச வெறகு எடுத்தாறேன்" என்றீர்கள்.

ஏன் பார்த்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பள்ளத்தை ஆற்றோரத்துக் களியைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். முதல் பெருமழைக்கே நடுவில் இறங்கிவிட்டது. பிறகு வேறு துரை வந்து, நீங்கள் சொன்ன அதே மலையை வெட்டிப் போட்டார். இன்றைக்கும் அதன்மேல்தான் பஸ் போகிறது. மண்ணுக்கு நல்ல பேர் வந்தது. உங்களுக்கு வரவில்லை. ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் அடித்த வருஷத்தில் நீங்கள் படுத்தீர்கள். மகன் உங்களைத் தூக்கிக்கொண்டு போனான், கொள்ளி வைத்தான். அழவில்லை.

ராசுவின் டின்னைப் பார்த்த அன்றைக்கே மகனையும் ராசுவையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். மகன் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா ஏம்மா சொல்லல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். நரைத்த தலை, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டான்.

ராசுதான் சொன்னான்: "வீட்ல கல்லப் பொறுக்கிட்டாங்க, வேற மூட்டை தாறேன்னு தாத்தா ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் அப்பாயி. எங்க கந்தோர்லயும் இப்படி நடக்கும். துரை சிரிச்சிட்டு மறுபடி கொண்டாம்பாரு."

"அப்ப ஏன் சொல்லல?"

"உங்களக் காப்பாத்தத்தான்."

பேரன் பச்சை மண். அப்படித்தான் நினைப்பான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. துரைக்குப் போன மண்ணைப் பெண்டாட்டி சுளகில் போட்டுப் புடைத்தாள் என்று கந்தோரில் சொல்ல உங்களுக்கு வெட்கம். அவர்கள் சிரிப்பார்கள் என்று பயம். ஒரு சிரிப்புக்குப் பயந்து களவாணிப் பட்டத்தை வாங்கிக்கொண்டீர்கள். சரி, அவர்களிடம்தான் சொல்லவில்லை, என்னிடம் சொல்ல என்ன? நாலு நாள் அழுதிருப்பேன். நீங்கள் நாலு அடி அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். காப்பாற்றுகிற புருஷன், பெண்டாட்டி வாயால் அந்த வார்த்தையைப் பேச விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பானா? நான் பேசியது லயம் முழுக்கக் கேட்டது. அதை யாரிடம் போய் இல்லையென்று சொல்ல? பாதிப் பேர் செத்துப்போனார்கள். நீங்களும்.

பேரன் உத்தியோகம், பேத்தி உத்தியோகம் என்று சந்தையில் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அன்றைக்கு லயத்தில் நான் கத்திய அந்த வார்த்தை காதில் விழுகிறது. கேட்காத மாதிரிப் பேச்சைத் தொடர்கிறேன். ஒருவருக்கும் தெரியாது.

ராசு உங்கள் படம் ஒன்று கேட்கிறான். தன் மேசைக்கு மேலே மாட்ட வேண்டுமாம், கேட்கிறவர்களிடம் மண் பார்க்கத் தெரிந்த மனுஷன் என்று சொல்ல வேண்டுமாம். ரோட்டு வேலையில் கூட்டமாக எடுத்த ஒரே படம்தான் இருக்கிறது. அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதிலும் நீங்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நிற்கிறீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் படம் பிடிக்கிற ஆள் யாராவது இருந்தால், புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்கள். அதில் உங்கள் வாய் திறந்திருக்கட்டும். என்னைத் திட்டுகிற மாதிரி இருந்தாலும் சரி.