ஆடிப்பெருக்கு அன்று எழுதிய உயில்

இன்று காலை மகன் அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். ஆடிப்பெருக்கு அல்லவா, சிவகாசி முழுக்க மாதிரிக் காலண்டர்களைத் தொகுத்த ஆல்பம் வெளிவரும் நாள். புரட்டியதும் அந்த மை வாசனை வந்தது. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் சட்டையில் வீசிய வாசனை. எந்தச் சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறதே என்று உங்களை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். இன்று ஆல்பத்தை மூட மனசு வரவில்லை.

மற்ற வீடுகளில் இன்றைக்குச் சித்திரான்னம் கிளறுவார்கள். நம் வீட்டில் அதோடு உயிலும் எழுதுவோம். காலண்டர் அச்சடிப்பவனுக்கு ஆடியிலேயே அடுத்த வருடம் பிறந்துவிடுகிறது, அதனால் வீட்டு ஏற்பாட்டையும் அன்றே பார்த்துவிட வேண்டும் என்பது உங்கள் நியாயம். சாப்பிட்டுக் கைகழுவி வந்து, வருடா வருடம் அதே கேள்வியைக் கேட்பீர்கள். "நாளைக்கு நாம இல்லேன்னா, மொதல்ல தவிச்சுப் போறது யாரு?"

முதல் தடவை கேட்டபோது மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். வாடகை வீடு. சொத்து என்று சொன்னால் உங்கள் மொபெட்டும் என் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியும்தான். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறீக? உயில் எழுத நமக்கு பங்களாவா இருக்கு?" என்று சத்தம் போட்டேன். "சொத்துக்கு எழுதல. இவன் யார் வீட்டுல வளரணும்னு எழுதுறேன்" என்றீர்கள்.

அதற்குச் சில மாதம் முன்புதான், நம் தெருவிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் ஒரே வேனில் பட்டாசு வேலைக்குப் போன புருசனும் பெண்டாட்டியும் வீடு திரும்பவில்லை. அவர்களுடைய பெண்குழந்தையை அப்பா வழிக்காரர்களும் அம்மா வழிக்காரர்களும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குப் போனாலும் வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கும். அதை நினைத்ததும் நான் அடங்கிவிட்டேன்.

அடங்கியது ஒரு நிமிடம்தான். அடுத்து, என் அண்ணன் வீடா, சாத்தூரில் இருக்கும் உங்கள் தங்கச்சி வீடா என்று சண்டை. "உங்க தங்கச்சி பெத்த பிள்ளைகளையே அடிச்சுத்தான வளக்காக." "உங்க அண்ணனுக்கு லோடு ஏத்தவே நேரம் பத்தல, பிள்ளையை எங்க பாக்கப் போறாரு?" கடைசியில் தங்கச்சியிடமே போய்ச் சம்மதம் கேட்டோம். மகனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதார்கள். அதோடு எனக்கும் மனசு ஆறிப்போனது.

பிறகு மகள் பிறந்தாள், இந்த வீட்டையும் கட்டினோம். வருடத்துக்கு ஏற்றபடி பதில் மாறியது. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, அவள் படிப்பு முடியும்வரை வீட்டை யாரும் விற்கக் கூடாது என்று எழுதினீர்கள். அவளுக்குக் கல்யாணமானதும், வீடு இரண்டு பிள்ளைகளுக்கும் சரிபாதி என்றீர்கள். மாற்றம் இருந்தால் புதிதாக எழுதிப் பழையதைக் கிழித்துவிடுவீர்கள். சாட்சிக் கையெழுத்துக்கு அச்சகத்திலிருந்து உங்கள் கூட்டாளிகள் இருவர் வருவார்கள். என் புளிசாதத்துக்காகத்தான் வருகிறார்கள் என்று நான் கேலி செய்வேன், அவர்களும் மறுத்ததில்லை.

பிள்ளைகள் இருவரும் நிலைபெற்ற பிறகு ஒரு வருடம், "இப்ப யாரும் தவிக்க மாட்டாக. உயிலுக்கு லீவு விடுங்க" என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீதான் தவிப்ப" என்றீர்கள்.

"பிள்ளைக என்னைத் தெருவுலயா விட்டுரும்?"

"விடாது. ஆளுக்குக் கொஞ்ச நாள் வச்சுக்கிடும். நீ பெட்டியைத் தூக்கிட்டு அங்கனயும் இங்கனயும் அலைவ."

அந்த வருடம் வீட்டை முழு உரிமையோடு எனக்கே எழுதினீர்கள். ரொம்பத்தான் யோசிக்கிறீர்கள் என்று சிரித்துவிட்டு, அதை மறந்தும் போனேன்.

நீங்கள் போய்க் காரியம் எல்லாம் முடிந்த மறுநாள், சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அன்போடுதான் பேசினார்கள். ஆறு மாதம் மதுரையில் மகனோடு, ஆறு மாதம் விருதுநகரில் மகளோடு, வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். எந்தப் பெட்டியை எடுப்பது என்றுகூட நினைக்கத் தொடங்கிவிட்டேன். மகள்தான் எழுந்துபோய் பீரோவிலிருந்து உயிலை எடுத்துவந்து வாசித்தாள். "நீ சொல்லும்மா" என்றான் மகன்.

"நான் இங்கனதான் இருப்பேன். என்னையப் பாக்கணும்னா எல்லாரும் இங்கன வாங்க" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

வந்தார்கள். மகன் இங்கேயே ஒரு காலண்டர் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு வந்துவிட்டான். அடுப்படி இப்போது மருமகள் கையில். புளிசாதத்தில் உப்புக் கொஞ்சம் தூக்கல், நான் வாயைத் திறப்பதில்லை.

இன்று சாப்பிட்டு முடித்ததும் உங்கள் கேள்வியை அவர்களிடம் கேட்டேன். பேரன் தவழ்கிறான். மருமகள் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல நாள்ல ஏன் அத்தை இப்படிப் பேசுறீக?" என்றாள். நான் இதை எழுதும்போது உள்ளே சண்டை நடக்கிறது. அவளுடைய அக்கா வீடா, நம் மகள் வீடா என்று. நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என்னையும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். நான் இல்லாவிட்டால் அழுவார்கள், தவித்துப்போக யாருமில்லை. வீடு இரண்டு பேருக்கும் சரிபாதி என்று உங்கள் மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் கூட்டாளிகள் சாயங்காலம் கையெழுத்துப் போட வருகிறார்கள்.

அன்றைக்கு உங்கள் உயிலை வாசித்து எல்லோரும் கலைந்துபோன பிறகு, இதே கூடத்தில் தனியாக உட்கார்ந்தேன். எங்கே போவது, யாரை அண்டியிருப்பது என்ற கவலை ஒன்றும் மிச்சமில்லை. உங்களுக்காக மட்டும் அழுதேன்.